மணி கழற்றிய வண்டி

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆனையூரில் கருங்கல் அஸ்திவாரம் போட்டு எழுப்பிய வீடு ஒன்று. பந்தல் சாமான் போட்டுவைக்க இரண்டு கிட்டங்கி. அழகர்கோவில் போகிற பாதையில் ஒரு தண்ணீர்ப் பந்தல், அதை ஒட்டி ஒரு கிணறு. அந்தக் கிணறு வெட்டும்போது பாறை குறுக்கே வந்தது. கூட நின்றவர்கள் எல்லோரும் மூடிவிடச் சொன்னார்கள். நான் மூடவில்லை. கோடையில் போய் எட்டிப் பாருங்கள், தண்ணீர் கிடக்கும்.

என் அப்பா எனக்கு விட்டுப்போன சொத்து ஒரு கடப்பாரை. அதுவும் முனை மழுங்கியது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இந்தத் தொடரைக்கூட நானேதான் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பத்திரிகை ஆபீஸில் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் கை வைக்க வேண்டாம்.

‘பந்தல்காரர் வாராவாரம் தன்னைப் பற்றியே அளக்கிறார்’ என்று திருமங்கலத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அளக்கிறேன்தான். அளக்காமல் எந்தப் பந்தல்காரன் குழி தோண்டினான்?

ஆனால் இந்த வாரம் அளப்பதற்குத் தெம்பு இல்லை. மேலே சொன்ன எல்லாவற்றையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, நான் சொல்லப்போவதை மறு தட்டில் வைத்தால், இதுதான் கீழே இறங்கும். இது கல்லிலும் இல்லை, மூங்கிலிலும் இல்லை. அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

நீர்மோர்

வைகாசி வெயில். அழகர் மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். என் சவாரி வண்டி அந்த ஊர்த் தெருவுக்குள் நுழைகிறது.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காங்கேயம் காளைகள் இரண்டு. கொம்புக்குப் பித்தளைக் குப்பி. கழுத்தில் தோல் பட்டை, பட்டை முழுக்க வெண்கல மணி. நான் வருகிறேன் என்று ஒரு தெரு தள்ளியே தெரியும். முகூர்த்தக்கால் ஊன்றப் போகும்போது மணிச்சத்தம் கேட்டதுமே கல்யாண வீட்டில் விளக்கை ஏற்றிவிடுவார்கள்.

அன்றைக்கும் அந்த மணிதான் கழுத்தில். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தார்கள். நாலாவது வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் சாணி. அப்படியே நின்று கேட்டாள்:

“எங்கிட்டிருந்து வாரீக?”

“மதுரையிலருந்து தாயி. ரங்கூன்காரவுக விஷயமா.”

அவ்வளவுதான் சொன்னேன். அவள் முகம் என்ன ஆனது என்று எழுத எனக்கு எழுத்துப் போதாது. சாணிக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கையைக் கழுவிவிட்டு, செம்பு நிறைய நீர்மோரோடு வந்தாள். கொத்தமல்லி கிள்ளிப் போட்டிருந்தது. “மொதல்ல குடிங்கண்ணே. வெயில்ல வந்திருக்கீக. பெறகு சொல்லுங்க.”

எனக்கும் நாக்கு வறண்டிருந்தது. குடித்தேன்.

அந்த மோரை அங்கேயே வைத்துவிட்டு, கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

ஆற்று மணலில் ஒரு ஊர்

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட வருஷம் அது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ரங்கூனுக்கு ஆள் போகாத தெரு குறைவு. நெல் மில், துறைமுகம், கடை என்று போனவர்கள். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் நடந்தார்கள். மலை, காடு, சேறு, அட்டை, காய்ச்சல். எல்லை தாண்டி எங்கேயோ ரயில் ஏற்றி, மதுரை ஸ்டேஷனில் கொண்டு வந்து இறக்கினார்கள்.

நகரத்தில் பெரியவர்கள் சேர்ந்து ஒரு நிவாரணக் கமிட்டி வைத்தார்கள். வக்கீல், டாக்டர், ஜவுளிக்கடைக்காரர். தங்கவைக்க இடம் இல்லை என்று என்னிடம் ஆள் அனுப்பினார்கள். அழகர் ஆற்றில் இறங்கிய திருவிழா அப்போதுதான் முடிந்திருந்தது. கோரிப்பாளையத்துக்குக் கீழே ஆற்று மணலில் என் பந்தல்கள் வரிசையாக நின்றன. மறுநாள் பிரிக்க வேண்டும்.

“பிரிக்கல. ஆறு வர்ற வரைக்கும் நிக்கட்டும்” என்றேன். வாடகை என்று யாரும் வாயெடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

கஞ்சி காய்ச்ச தேக்சா கொண்டு வந்தது காதர் பாய். கோரிப்பாளையத்தில் அவருக்குச் சமையல் பாத்திரக் கடை. என் பந்தலும் அவர் பாத்திரமும் போகாத விசேஷம் கிடையாது. வயதில் எனக்கு மூத்தவர், என்னை மாப்ள என்பார்.

முதல் நாள் கஞ்சி ஊற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். “மாப்ள, ஒம் பந்தல்ல கல்யாணம் பாத்திருக்கேன், கந்தூரி பாத்திருக்கேன், அடிதடிகூடப் பாத்திருக்கேன். இம்புட்டுச் சனம் சேந்து சத்தமே இல்லாம இருந்து பாத்ததில்லப்பா.”

உண்மைதான். பந்தல் என்றால் இரைச்சல் இருக்க வேண்டும். அங்கே பிள்ளைகள்கூட மெதுவாகத்தான் அழுதன.

கையில் ஊற்றிய கஞ்சி

எனக்கு அதெல்லாம் புதிது இல்லை. என் பத்துப் பன்னிரண்டு வயதில் வைகை பெருகி எங்கள் குடிசையைக் கொண்டுபோனது. அப்பா, அம்மா, நான் மூவரும் ஒரு சத்திரத்து வாசலில் நின்றோம். கஞ்சி ஊற்றினார்கள். எங்களிடம் பாத்திரம் இல்லை. பாத்திரமும் ஆற்றோடு போயிற்று. “கையை நீட்டுடா” என்றான் ஊற்றுகிறவன். நீட்டினேன். சுடச்சுட ஊற்றினான். உதறினால் கஞ்சி போய்விடும் என்று உதறாமல் குடித்தேன்.

அதனால்தான் ஆற்று மணலில் நான் முதல் காரியமாக மண் கலயம் வாங்கிப் போட்டேன். ஆளுக்கு ஒன்று, அவரவருக்குச் சொந்தம். கமிட்டிக் காரியதரிசியான வக்கீல், தகரக் குவளை போதுமே, கழுவிக் கழுவிக் கொடுக்கலாமே என்றார். அதற்குள் கலயம் இறங்கிவிட்டது.

இதைச் சொல்வது பெருமைக்குத்தான். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்கப்போகிறேன், அது இதற்காக இல்லை.

போகாதவர்கள்

வந்தவர்களில் பாதிப் பேர் ஒரு வாரம் தங்கி, உடம்பு தேறியதும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரு கூட்டம் மட்டும் போகவில்லை. முப்பது பேர் இருக்கும். எல்லோரும் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள். மேலூர்ப் பக்கம், அழகர் மலைப் பக்கம், சோழவந்தான் பக்கம். ஒரு நாள் நடை, மிஞ்சினால் இரண்டு நாள். போகவில்லை.

அவர்களைக் கூட்டி வந்தவர் சோலைமலை. ரங்கூன் நெல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். உயரமான ஆள், காய்ச்சலில் வற்றி, முதுகு வளைந்து, பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். ஆற்று மணலிலிருந்து பார்த்தால் வடகிழக்கே அழகர் மலை நீலமாகத் தெரியும். அதையே பார்ப்பார். அவர் எழுந்தால் மற்றவர்கள் எழுவார்கள். அவர் எழவில்லை.

காரியதரிசிக்கு எரிச்சல் வந்துவிட்டது. “துணி கொடுத்தாச்சு, வழிச்செலவு கொடுத்தாச்சு. ஆடி வந்தா ஆறு வரும். இவங்க இருக்கிறது ஆத்துக்குள்ள. சோத்துக்குப் பழகிட்டாங்க பந்தல்காரரே.”

காதர் பாய் அகப்பையைத் தேக்சாவில் போட்டார். “வக்கீல் ஐயா, இந்தக் கஞ்சிக்குப் பழகுறதுக்கு இதுல என்ன இருக்குன்னு ஒரு வாயி குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

வக்கீல் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒன்று நிஜம். ஆறு வரும். மேற்கே மலையில் மழை பிடித்தால் எங்களுக்குச் சொல்லிவிட்டு வராது. காய்ச்சலில் கிடக்கிற முப்பது பேர் ஆற்றுக்குள்.

நான் சோலைமலையிடம் போய் உட்கார்ந்தேன்.

“ஏண்ணே, அந்தா தெரியுது ஒங்க மலை. அம்புட்டுத் தூரம் நடந்த காலுக்கு இது ஒரு தூரமா?”

“காலு நடக்கும்ணே.”

“பெறகென்ன?”

மலையைப் பார்த்தபடியே சொன்னார். “எந்தம்பி கருப்பணனையும் நாந்தான் ரங்கூனுக்குக் கூட்டிப் போனேன். வர்ற வழியில மலையேத்தத்துல ஒக்காந்தான். எந்திரிக்கல. நெருப்பு வைக்க வெறகு இல்ல, எல்லாம் ஈரம். மண்ணு தோண்டக் கையில ஒண்ணும் இல்ல. எலையப் போட்டு மூடிட்டு வந்தோம். நாங்க முப்பது பேரும் இப்பிடி ஆளுக்கு ஒருத்தர அங்கங்க வச்சிட்டு வந்தவுகதான்.”

மலையிலிருந்து கண்ணை எடுத்தார்.

“இப்ப நான் ஊருக்குப் போறேன்னு வைங்க. அவம் பொண்டாட்டி பேச்சி வாசல்ல நிப்பா. என்னயப் பாப்பா. பெறகு எனக்குப் பின்னால பாப்பா.”

கண்ணில் தண்ணீர் இல்லை. வாய் மட்டும் கோணியது.

யார் சொல்வது

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுக்காரன் வெளியூருக்குச் செய்தி கொண்டு போக மாட்டான். கேதம் சொல்ல என்று தனி ஆள் போவான். தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் சிலர் தலையிலேயே கட்டி, அதற்காகவே அவர்களைத் தாழ்த்தியும் வைத்திருந்தோம். அது வேறு கதை. கேதம் சொல்கிறவன் வாசல் தாண்டி உள்ளே வர மாட்டான். வெளியில் நின்று சொல்வான். அவன் சொன்ன பிறகுதான் ஊர் கூடும், அழுகை எழும், துக்கக்காரன் வந்து நிற்க ஒரு இடம் உண்டாகும்.

“தங் கேதத்தத் தானே சொல்லிக்கிட்டு எவன்ணே ஊருக்குள்ள போவான்?” என்றார் சோலைமலை. “பொணம் இல்ல. சாம்பல் இல்ல. ஒரு சொல்லாவது மொறையா எங்களுக்கு முன்னால போகணும்.”

கார்டு போட்டுவிடலாம் என்றார் காரியதரிசி. கார்டு போய்ச் சேரும், சேர்ந்து என்ன? தபால்காரன் வாசித்துக் காட்டத் திண்டாட வேண்டும், அல்லது யாராவது பள்ளிக்கூடத்துப் பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார்கள்.

கேதம் சொல்கிற ஆட்கள் இரண்டு பேரைப் பிடித்துக் கேட்டேன். “பொணம் எங்க கெடக்கு சாமி? என்னைக்கு எடுக்கிறீக?” என்று கேட்டார்கள். வழக்கமாகக் கேட்கிற கேள்வி. பதில் இல்லை. பதில் இல்லாத கேதத்தைக் கொண்டு போக அவர்களுக்குப் பயம். தப்பில்லை.

அப்போது நான் சொன்னேன், நானே போகிறேன் என்று. யாரும் என்னைக் கேட்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் என் சம்சாரம் அங்கம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “கல்யாணப் பந்தல் போடுற கையி இது. நீங்க எழவு சொல்லப் போனீகன்னா, நாளைக்கு எவன் ஒங்கள முகூர்த்தக்கால் ஊனக் கூப்பிடுவான்? அரிசி குடுங்க, துணி குடுங்க, நான் கேக்கல. இது வேணாங்க.”

“ஒரே ஒரு ஊருக்குத்தான் அங்கம்மா.”

“நீங்க என்னைக்கு ஒண்ணோட நிறுத்துனீக?”

வண்டியோட்டி, இந்தக் காரியத்துக்கு வரமாட்டேன் என்று தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். நானே மாட்டைப் பூட்டினேன். மணிப் பட்டை எப்போதும் கழுத்தில் கிடப்பது. கழற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. பிள்ளையார் கோயிலுக்குப் போனாலும் அதே வண்டி, பெண் பார்க்கப் போனாலும் அதே வண்டி. நான் எழுந்து வந்ததற்கு அத்தாட்சி அந்தச் சத்தம்.

கவிழ்த்த செம்பு

இப்போது அந்த மோருக்கு வருகிறேன்.

குடித்து முடித்தேன். செம்பை நீட்டவில்லை, கையிலேயே வைத்திருந்தேன். அவள் என் வாயையே பார்த்தாள்.

“நீதான பேச்சி?”

“ஆமாண்ணே. அவுக அனுப்பிச்சாகளா?”

மேஸ்திரிமாரையும் கணக்கப்பிள்ளைமாரையும் அதட்டி வேலை வாங்கிய வாய் என்னுடையது. அன்றைக்கு அது தவித்தது. எப்படியோ சொன்னேன். மலை, காய்ச்சல், இலை மூடியது, எல்லாம் சொன்னேன். குறைக்கவில்லை, கூட்டவில்லை.

அவள் அழவில்லை. என் கையிலிருந்த செம்பை வாங்கினாள். அதைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். கடைசிச் சொட்டு மோர் மண்ணில் இறங்கியது.

“மூத்தவுக?”

“உசுரோட இருக்காக. மதுரையில ஆத்துல, எம் பந்தல்ல இருக்காக.”

“அவுக இருக்கையில நீங்க ஏண்ணே வந்தீக?”

“அவுகளுக்கு ஒம் மொகத்தப் பாத்துச் சொல்ல முடியல தாயி.”

பிறகு என் மாடுகளிடம் போனாள். புது ஆள் கிட்டே வந்தால் தலையை ஆட்டுகிற மாடுகள் அவை. அன்றைக்கு ஆட்டவில்லை. ஒவ்வொன்றின் கழுத்திலும் கை விட்டு, வார் முடிச்சை அவிழ்த்து, மணிப் பட்டையைக் கழற்றினாள். சத்தம் வராதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து வண்டிக்குள் வைத்தாள்.

“இனிமே எந்த ஊருக்கும் இதக் கட்டிக்கிட்டுப் போயிராதீகண்ணே. சத்தம் கேட்டதும் நான் சந்தோசப்பட்டுட்டேன்.”

அதற்குப் பிறகுதான் அழுகை எழுந்தது. அவளிடமிருந்து இல்லை, பக்கத்து வீட்டிலிருந்து. அப்புறம் எதிர்வீடு. அப்புறம் தெரு முழுக்க. நான் வண்டிக்குப் பக்கத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, எப்போது சோலைமலையைக் கூட்டி வருகிறீர்கள் என்று கேட்டார். நாளைக்கே என்றேன். “கம்மாய்க்கரையில ஊரு நிக்கும்” என்றார்.

பின்னால் பார்க்காதவள்

மறுநாள் சோலைமலையை வண்டியில் படுக்கவைத்துக் கூட்டிப் போனேன். காய்ச்சல். வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்திருந்தேன். மணி இல்லாமல் அந்த மாடுகளை ஓட்டுவது எனக்கே யாருடைய வண்டியிலோ போவது மாதிரி இருந்தது. சக்கரம் முனகுவதும் மாடு மூச்சு விடுவதும் தவிர வேறு சத்தம் இல்லை. வழி நெடுக அவர் இடுப்பில் எதையோ தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கம்மாய்க்கரையில் ஊர் நின்றது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முன்னால் பேச்சி. வண்டியை நிறுத்தினேன். சோலைமலை என் தோளைப் பிடித்து இறங்கினார். தலையைக் குனிந்துகொண்டே நாலு எட்டு நடந்து அவள் எதிரே போய் நின்றார். இடுப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்தார். தம்பியின் வெள்ளி அரைஞாண். அதை அவள் காலடியில் வைத்தார்.

நான் பேச்சியின் கண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவரைப் பார்த்தாள். வற்றிப்போன முகத்தை, வளைந்த முதுகைப் பார்த்தாள்.

அவருக்குப் பின்னால் பார்க்கவில்லை.

“வாங்க மூத்தவுகளே” என்றாள். “வீட்டுக்கு வாங்க.”

அப்போதுதான் அவர் அழுதார். நாற்பது வயது ஆண் பிள்ளை, கரையில் உட்கார்ந்து, மண்ணைக் கையால் அடித்து அழுதார். ஊர் சேர்ந்து அழுதது. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். பந்தல்காரனுக்கு அங்கே வேலை இல்லை.

மணி இல்லாத வண்டி வருது

அங்கம்மா சொன்னதுதான் நடந்தது. நான் ஒன்றோடு நிறுத்தவில்லை. ஆற்று மணலுக்குத் திரும்பினால் மற்றவர்கள் எழுந்து நிற்கிறார்கள். “அண்ணே, எங்க ஊருக்கும்.” “அண்ணே, சோழவந்தான் பக்கம்.” “எம் மகளுக்குச் சொல்லணும்ணே, மேலூருக்கு அங்கிட்டு.”

போனேன். எல்லா ஊருக்கும் போனேன். ஊருக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போவேன். யார் என்ன கொடுத்தாலும் சொல்லி முடிக்கும்வரை வாங்க மாட்டேன். உயிரோடு இருப்பவர் பெயரை முதலில் சொல்வேன். ஒரு ஊரில் ஒரு கிழவர் என்னை அடிக்கவே வந்துவிட்டார். அடித்துவிட்டுப் போகட்டும் என்று நின்றேன். என் மேல் சாய்ந்துகொண்டார். இன்னொரு ஊரில் சொல்லி முடித்ததும், “அப்பிடியா” என்று மட்டும் சொல்லிவிட்டு, பாதியில் விட்ட உலக்கையை எடுத்து மறுபடி குத்த ஆரம்பித்தாள் ஒருத்தி. அந்தச் சத்தம் இன்னும் சில நாள் காதில் விழுகிறது.

அலுத்துப்போனது. மூங்கில் சுமந்து அலுத்த உடம்பு சோறு தின்றால் தேறும். இது அந்த அலுப்பு இல்லை. வீட்டுக்கு வந்தால் அங்கம்மா வெந்நீர் வைத்திருப்பாள். குளித்துவிட்டு உள்ளே வருவேன். ஏதும் கேட்க மாட்டாள். வேண்டாம் என்று சொன்னவள்தான், கடைசிவரை வெந்நீர் வைத்தாள்.

ஆனியில் கல்யாணம் நிறைய. எனக்கு அழைப்பு வரவில்லை. என் கிட்டங்கியிலிருந்து எடுத்துப்போன மூங்கிலை ஒரு வீட்டில் திருப்பியே அனுப்பினார்கள். “தப்பா நெனைக்காதீகண்ணே, பெரியவுக ஒரு மாதிரி நெனைக்கிறாக” என்றார் மாப்பிள்ளையின் மாமன். ரோட்டில் பிள்ளைகள் என் வண்டியைப் பார்த்து ஒதுங்கி ஓடினார்கள். “மணி இல்லாத வண்டி வருதுடா!” முன்பெல்லாம் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்த பிள்ளைகள். அந்தப் பேர் போக எனக்குச் சில வருஷம் பிடித்தது. அந்த வருஷங்களில் கிணற்றுப் பாறையைவிடக் கெட்டியான பாறைகளை நான் உடைத்தேன். அது தனியாக எழுத வேண்டியது.

ஆறு வந்தது

ஆடியில் ஆறு வந்தது. மேற்கே மழை. முதலில் ஒரு கோடு மாதிரி செந்தண்ணீர், அப்புறம் நுரை, அப்புறம் கரையோடு கரை. நானும் காதர் பாயும் கோரிப்பாளையத்துக் கரையில் நின்று பார்த்தோம். என் பந்தல் கால்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கீற்று மிதந்தது. மண் கலயங்கள் ஒன்றிரண்டு குப்புற மிதந்து போயின.

“மாப்ள, போகுது பாரு ஒம் பந்தலு.”

“போகட்டும் மாமா. உள்ள ஆளு இருக்கா?”

“ஒருத்தரும் இல்லப்பா. நேத்துத்தான் கடைசிக் குடும்பம் போச்சு. நீதான கூட்டிப் போன.”

“அப்பச் சரி.”

“அல்லா ஒனக்கு வேற மூங்கில் குடுப்பான்டா” என்றார். கொடுத்தான். மெதுவாகத்தான் கொடுத்தான்.

எனக்கு வேண்டிய வரி

இத்தனை வருஷம் கழித்து இதை ஏன் கிளறுகிறேன் என்று கேட்பீர்கள். போன மாதம் அந்தக் கமிட்டிக்காரர்கள், இருக்கிறவர்களும் இல்லாதவர்களின் பிள்ளைகளுமாகச் சேர்ந்து, ஒரு கல் வைத்தார்கள். என்னையும் அழைத்தார்கள். மாலை போட்டார்கள். கல்லைப் பார்த்தேன். அரிசி கொடுத்தவர், துணி கொடுத்தவர், மருந்து கொடுத்தவர், பாத்திரம் கொடுத்த காதர் பாய். கடைசியில் என் பெயர். ‘பந்தல் உபயம்’.

பழைய காரியதரிசி வக்கீலுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. அவரிடம் கேட்டேன்: “பந்தல் மட்டுந்தானா ஐயா?”

“வேற என்ன போடணும் பந்தல்காரரே?”

“கேதம் சொன்னது.”

அவர் சங்கடப்பட்டார். “அதை நிவாரணத்துல எந்த இனத்துல சேர்க்கிறது? அரிசின்னா மூட்டை, துணின்னா உருப்படி. இதை எப்படிங்க எழுதுறது? அது மட்டுமில்ல, கல்லுல கேதம்னு எழுதினா அமங்கலமா இருக்காதா?”

அங்கேயே நான் சத்தம் போடவில்லை. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இங்கே எழுதுகிறேன்.

பந்தல் ஆற்றோடு போய்விட்டது. அதற்குப் பேர் போட்டிருக்கிறீர்கள். முப்பது பேர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். கஞ்சி அவர்களை எழுப்பி உட்கார வைத்தது, துணி மானத்தை மறைத்தது, மருந்து காய்ச்சலைத் தணித்தது. அதை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் அவர்கள் மலையைப் பார்த்துக்கொண்டே ஆற்றுக்குள்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு வருமுன் அவர்களை எழுப்பியது என் நாக்கு. அந்தக் கம்மாய்க்கரையில் பேச்சி அவருக்குப் பின்னால் பார்க்காமல் இருந்தாளே, அது நான் செய்த வேலை. முதல் நாளே நான் போய் அந்தப் பார்வையை என் மேல் வாங்கிக்கொண்டேன். ஊர் ஊராக வாங்கிக்கொண்டேன்.

அந்த மணிப் பட்டைகள் இரண்டும் என் பெட்டியில் இருக்கின்றன. மறுபடி கட்டவே இல்லை. துடைத்துத்தான் வைத்திருக்கிறேன், பச்சைக் களிம்பு பிடிக்கவில்லை.

கமிட்டிக்காரர்களுக்குச் சொல்கிறேன். கல்லில் கீழே இடம் இருக்கிறது, நான் கைவைத்து அளந்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு வரி போதும். அமங்கலம் என்று தோன்றினால் அந்தப் பழி என் தலையில் இருக்கட்டும், ஏற்கெனவே சுமந்ததுதான். ‘பந்தல் உபயம்’ என்பதை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் இப்படிச் செதுக்குங்கள்:

கேதம் சொன்னவர், ஆனையூர் வெள்ளைச்சாமி.